வெந்ததும் வேகாததும்

நான் பரீட்சை எழுதியதே இல்லை. அதனால் பரீட்சையில் முட்டை வாங்கியதும் இல்லை. வாங்கிய முட்டையெல்லாம் கடையில் வாங்கியதுதான். அதையும் நாற்பத்தைந்து வயதுவரை நான் அவித்ததில்லை. யாராவது அவித்துக் கொடுத்தால் தின்பேன். எனக்கும் முட்டைக்கும் அவ்வளவுதான் உறவு.

என் மனைவி சலவைக்கடையில் துணி தேய்க்கிறவள். போன மாதம் கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கரண்டி பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தி காதில் விழுந்ததும் அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், காரை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

மச்சானுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருபது வருடமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். அதனால் எங்கே உட்கார்ந்திருந்தாலும், பயம் வந்தால் வலது கால் தானாகப் போய்த் தரையை மிதிக்கும். பிரேக்காம். எங்கள் வீட்டில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு முன்னால் தரையில் ஒரு இடம் மட்டும் வழுவழு என்றிருக்கும்.

"ஆறு வாரமும் இவ எங்க வீட்டுல இருக்கட்டும் மாப்ளே," என்றார். "உங்களுக்கு வெந்நியாவது வெக்கத் தெரியுமா?"

"வெந்நி வெப்பேன் மச்சான்."

"வெச்சு? தினம் மூணு வேளையும் வெந்நியையே குடிப்பாளா?"

என் மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "என்னங்க, எப்படியாவது என்னை அனுப்பாம பாத்துக்கங்க. அங்க காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும். சிரிக்கறதா இருந்தாக்கூட இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் சிரிக்கணும்."

அவளை அனுப்ப எனக்கும் மனசில்லை. நான் டைல்ஸ் கிடங்கில் சுமை தூக்குகிறவன். முப்பது கிலோ பெட்டிகளை நாள் முழுக்க ஏற்றி இறக்கிவிட்டு வந்தால், வீட்டில் யாராவது என்னை நாலு வார்த்தை ஏச வேண்டும். ஏச்சு விழாத வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

வெளியே வந்து, "சமையல் நான் பாத்துக்கறேன் மச்சான்," என்றேன். மச்சானின் கால் தரையை மிதித்தது.

"சரி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன். ஒரே ஒரு சாப்பாடு போடுங்க. பாஸ் பண்ணிட்டீங்கன்னா இவ இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா பெட்டியோட கார்ல ஏத்திடுவேன். அப்பறம் அழக்கூடாது."

சோறு, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை. இதுதான் நானும் அவளும் சேர்ந்து போட்ட திட்டம். "முட்டையைத் தப்பா அவிக்க யாராலயும் முடியாதுங்க," என்றாள்.

வியாழக்கிழமை அவளைப் பொய்யாக்கினேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டைகளைக் கொதிக்கிற தண்ணீரில் அப்படியே போட்டேன். நாலும் விரிசல் விட்டு ஆளுக்கொரு வெள்ளைத் தாடி வளர்த்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை, அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தண்ணீர் வற்றி ஒரு முட்டை வெடித்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டது.

"மணி மூணரைக்கு மேல போகாது இனிமே," என்றாள். "கூமுட்டைகூட இப்படி வெடிக்காதுங்க. நீங்க பக்கத்துலயே நில்லுங்க. மாட்டை மேய விட்டாப்புல விட்டுட்டுப் போகாதீங்க."

சனிக்கிழமை நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தாள். முட்டைகளைப் பாத்திரத்தில் அடுக்கி, அவை முழுகும்படி பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். பன்னிரண்டு நிமிடம் தொடவே கூடாது. பிறகு குளிர்ந்த தண்ணீரில் போட்டால் முட்டையின் மேல்தோடு கழன்று வரும். வந்தது. பாதியாக வெட்டினேன். மஞ்சள் கரு நடுவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. லாரியிலிருந்து ஒரு டைல்கூட உடையாமல் சரக்கு இறக்கியபோதும் எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஐந்து முட்டைகளை அவித்து ஆறவைத்தேன். வீட்டில் பச்சை முட்டையும் ஐந்து இருந்தது. ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டு ஒன்றுதான். பத்தையும் அதிலேயே அடுக்கினேன்.

"ரெண்டும் கலந்துடுங்க. வெந்ததைத் தனியா ஒரு கிண்ணத்துல போடுங்க," என்றாள்.

"எதுக்கு? எழுதி வெச்சுட்டாப் போச்சு."

எங்கள் சுமைதூக்குவோர் சங்கக் கட்டடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் நான் எழுதப் படிக்கத் தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பென்சில் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். எழுத இடம் கிடைத்தால் விட மாட்டேன். வெந்ததற்கு ஒரு எழுத்து, வேகாததற்கு ஒரு எழுத்து. இரண்டும் 'வ'தான், கொம்பில்தான் வித்தியாசம். முட்டை உருண்டை என்பதால் கொஞ்சம் சறுக்கியது. பத்திலும் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அழகாகவே வந்தது.

மச்சான் சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. வாசலில் காரின் பின்கதவை, பெட்டி வைக்க வசதியாக, திறந்தே விட்டுவிட்டு வந்தார். அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு சோற்றை வடித்ததில் கஞ்சி காலில் கொட்டியது. நான் சமையலறையில் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் மனைவி உதவி செய்கிறேன் என்று இடது கையால் ஃபிரிட்ஜைத் திறந்து, எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஐந்து முட்டைகளைப் பொறுக்கி, மச்சான் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"தோட்டை உரிக்கலையா?" என்று மச்சான் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஒரு கையால எப்படிண்ணே உரிப்பேன்?"

"விடு. பள்ளிக்கூடத்துல நான் எப்படி உடைப்பேன், ஞாபகம் இருக்கா?"

"நெத்தியில அடிச்சு!"

"இப்பவும் அதேதான்."

சத் என்று ஒரு சத்தம். பிறகு டம் என்று தரையில் ஒரு மிதி.

காலைத் துடைத்துக்கொண்டிருந்த நான், சரி, உடைத்துவிட்டார், தின்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மச்சானின் குரல் வந்தது. குரலில் ஈரம் இருந்தது.

"ஒண்ணு தவறுறது சகஜம். என்கிட்ட வர்றவங்களுக்கு நான் எப்பவும் ரெண்டாவது சான்ஸ் குடுப்பேன். இது நிச்சயம் வெந்ததுதானே?"

"ஆமாண்ணே. எழுதியே இருக்கு பாருங்க."

மறுபடியும் சத். இந்தத் தடவை நான் ஓடிவந்தேன். மச்சான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியின் ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் வெள்ளை. மூக்கு நுனியிலிருந்து சட்டைப்பைக்கு ஒரு நூல் இறங்கிக்கொண்டிருந்தது. வலது கால் மிதித்தது மிதித்தபடியே இருந்தது.

"அய்யோ மச்சான்! அது பச்சை முட்டையாச்சே! வேகாததுன்னு மேலயே எழுதியிருக்கேனே!"

மச்சான் மெதுவாகத் தோட்டை எடுத்துக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கீங்க?"

"வே."

"இது 'வெ'."

"இல்ல மச்சான், 'வே'."

"ஒத்தைக் கொம்பு போட்டா 'வெ'! ரெட்டைக் கொம்பு போட்டாத்தான் 'வே'!"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அதற்கு மேல் அவளால் ஒன்றும் முடியவில்லை. கட்டுப்போட்ட கையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, இண்டிகேட்டர் எதுவும் போடாமல் அப்படிச் சிரித்தாள்.

இதில் என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். முட்டையை நானே எடுத்திருந்தால் ஒரு தப்பும் நடந்திருக்காது. நான் தப்பாக எழுதியதைத் தப்பாகவே படித்து, சரியான முட்டையைக் கொண்டுவந்திருப்பேன். படிக்கத் தெரிந்தவர்கள் நடுவில் புகுந்ததால் வந்த வினை அது.

"பெட்டியை எடும்மா," என்றார் மச்சான்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நான் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, மிச்சமிருந்த ஐந்தையும் ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

"மச்சான், இதுதான் வெந்தது. சத்தியமா. ஒண்ணே ஒண்ணு தின்னுட்டு அப்பறம் சொல்லுங்க."

"என் நெத்திகிட்ட கொண்டுவராதீங்க. உங்க நெத்தியில உடைங்க."

உடைத்தேன். நச் என்று பட்டு நெற்றி விண்ணென்று தெறித்தது. ஆனால் தோடு முழுசாகக் கழன்று வந்தது. மச்சான் வாங்கி, முகர்ந்து, காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கடித்தார். மென்றார். இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். நான் அதையும் என் நெற்றியில் உடைத்தேன். நாலாவது முட்டைக்குள் நெற்றி புடைத்துவிட்டது.

"மாப்ளே," என்றார் உப்பை நக்கிக்கொண்டே. "வேக்காடு பக்குவமா இருக்கு. மஞ்சளைச் சுத்திப் பச்சை வளையமே இல்ல. எங்க வீட்டுல முப்பது வருஷமா அவிக்கறா, ஒரு நாளும் வளையம் இல்லாம வந்ததில்ல."

"அப்ப நான் இங்கயே இருக்கவாண்ணே?" என்றாள்.

மச்சான் என் முகத்தையும், கிண்ணத்தில் கடைசியாகக் கிடந்த முட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இரு. ஆனா இவரு எழுத்தை நம்பி உன்னை விட்டுட்டு நான் நிம்மதியா இருக்க முடியாது. தினம் சாயங்காலம் வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்."

நான் அவருடைய சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அது காயும்வரை என் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, கடைசி முட்டையையும் தின்றார். பிறகு போய்க் காரின் பின்கதவைச் சாத்தினார்.

இது மூன்றாவது வாரம். சொன்னது சொன்னபடி தினமும் வருகிறார். பார்வை என்றால் மூன்று முட்டை. நான் கிடங்கிலிருந்து வந்து, முதுகைக்கூட நிமிர்த்தாமல் அடுப்பைப் பற்றவைக்கிறேன். என் மனைவி வாசலில் உட்கார்ந்து ஏசுகிறாள். நேற்று மச்சானின் மனைவியும் கூட வந்திருந்தார். "இவரு தினம் இங்க வந்து அப்படி என்னதான் பாக்கறாருன்னு பாத்துட்டுப் போக வந்தேன்," என்றார்.

அவருக்கு இரண்டு முட்டை.