கனமான இறக்கை

“உஷ்! அந்த டிரில்லைக் கொஞ்சம் நிறுத்துங்க. உள்ள அவர் படகு வேலையில இருக்கார்.”

சன்னல் வழியே பக்கத்து வீட்டுத் தச்சரை அதட்டினாள் மெக்கானிக்கின் மனைவி. தச்சர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வாரம் முழுக்க பஸ் டிப்போ, லீவு நாளில் ரிமோட் படகு. இதுதான் அவள் புருஷன். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பித்தளை புரொபெல்லர், அதைச் சமப்படுத்த உட்கார்ந்துவிட்டால் வீட்டில் ஈ பறக்கக்கூடாது. நிறுத்தி வைத்த இரண்டு சவர பிளேடுகளின் மேல் ஒரு கம்பி, கம்பியில் புரொபெல்லர். கனமான இறக்கை தானாகக் கீழே இறங்கும். அதை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்து மறுபடி வைப்பார். எப்படித் திருப்பினாலும் விட்ட இடத்திலேயே நிற்கும்வரை இந்தப் பாடுதான். காற்றுப் பட்டாலே சுற்றிவிடும் என்று மின்விசிறியும் கூடாது. முடிந்ததும் “பேசலாம்” என்று குரல் கொடுப்பார். பெண்டாட்டியைக்கூட இப்படித் தாங்கியதில்லை என்று அவள் கேலி செய்வாள்.

பத்து மணிக்கு எட்டிப் பார்த்தபோது வாசலுக்கு முதுகைக் காட்டி, மேசையில் தாடையைப் பதித்து, அசையாமல் இருந்தார். தோளுக்கு மேலே ஒரு இறக்கை நேர்கீழாகத் தொங்குவது தெரிந்தது. இன்னும் முடியவில்லை. கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

பதினொன்றரை ஆகியும் ‘பேசலாம்’ வரவில்லை. காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. பொறுமையிழந்து உள்ளே போனாள். இறக்கைகள் இரண்டும் தராசுத் தட்டுகள் மாதிரி சமமாக நின்றன.

“முடிஞ்சா சொல்ல வேண்டாமா? நான் ஒருத்தி வெளிய காவல் காத்துக்கிட்டு...” என்று தோளைத் தொட்டாள். கழுத்து சில்லிட்டிருந்தது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். “மாரடைப்பும்மா. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும்.”

ஓடிவந்த கொழுந்தன் அண்ணனை அந்த அறைக் கட்டிலிலேயே கிடத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: “நீங்க கதவைச் சாத்துறப்பவே போயிருப்பார் அண்ணி. நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்? மனசப் போட்டு உழப்பிக்காதீங்க.”

அவள் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. கூடத்தில் வந்தவர்கள் எல்லாம் குசுகுசுவென்றே பேசினார்கள்.

அறையில் வேறு யாருமில்லாத நேரம் பார்த்து மேசையிடம் போனாள். புரொபெல்லரைச் சுண்டுவிரலால் கால் சுற்றுத் திருப்பினாள். நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அங்கேயும் நின்றது. எந்த இறக்கையும் இறங்கவில்லை.

முடித்திருக்கிறார்! தொங்கிய இறக்கையை அதற்கப்புறம் அவர்தானே சமமாகத் திருப்பியிருக்க வேண்டும்? அப்படியென்றால் அவள் கதவைச் சாத்தியபோது உயிரோடுதான் இருந்திருக்கிறார். கூப்பிட்டிருப்பாரோ? ஐயோ, நான் ஒரு குரல் கொடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா, பாவி!

வாசலில் கார் கதவு அடைபட்டது. மகள். ஏரிப் போட்டிகளில் அப்பாவோடு ரிமோட் பிடிப்பவள், புரொபெல்லர் பாஷை அறிந்தவள்.

மகள் உள்ளே வருவதற்குள் அவள் சட்டென்று ஒரு இறக்கையைக் கீழே திருப்பி, பத்து மணிக்குப் பார்த்தபடியே விட்டாள். விட்ட இடத்தில் நின்றது.

மகள் அப்பாவின் மார்பில் விழுந்து கதறினாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தவளின் கண் மேசைக்குப் போனது.

“முடிக்கவே இல்லையாம்மா?”

“இல்லடி. நான் கதவைச் சாத்துறப்பவும் இப்படியேதான் இருந்துச்சு.”

“அப்ப வாசல்ல சித்தப்பா சொன்னது சரிதாம்மா. நீ பார்த்தப்பவே அப்பா...” மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறிவிட்டது. அறைக்குள் ஆட்கள் நிறைந்தார்கள். புழுக்கம் தாங்காமல் கொழுந்தன் சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினான்.

“ஃபேன் போடாதீங்க,” என்றாள் அவள்.