கஞ்சி போட்ட ஸ்வெட்டர்

சித்தேரி மலைக்கு முதல் பஸ் ஓட்டுகிற அர்ச்சுனன், மனைவி கோகிலவாணி பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்து, கண்டக்டர் சின்னராஜ் காதில் விழவே சொல்லிவிட்டார்: "இந்த ஆட்டு மசுர நான் போட்டா என் மீசைய எடுத்துடு." அரூர் பஸ் ஸ்டாண்டில் அந்த மீசைக்குத் தனி மரியாதை உண்டு.

பெங்களூரில் இருக்கும் மகள் அனுப்பிய நூல் அது. மொகேர் என்கிற ஆட்டு முடி பாதி, லினன் பாதி. பின்னி முடித்ததும் பாரத்தில் தொங்கி, கை முழங்கால் வரை வந்துவிட்டது. பிரித்துப் பின்னலாமென்றால் ஆட்டு முடி ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. கோகிலவாணி யோசித்தாள். காக்கிச் சட்டைக்குச் செய்வது போலவே சோற்றுக் கஞ்சியில் முக்கிக் காயப்போட்டாள்.

கொடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தால், அது தானாக நின்றது.

"மடிக்க வரலைங்க. போடாட்டி போங்க, பஸ்ல உக்காந்து வரட்டும்."

மறுநாள் டிரைவருக்குப் பின் சீட்டில் அது நிமிர்ந்து உட்கார்ந்தது. சின்னராஜ் வந்து நின்றான்.

"ஏண்ணா, இது ஆம்பளையா பொம்பளையா? பொம்பளைன்னா ஃப்ரீ."

"பாதி ஆடுடா."

"அப்ப லக்கேஜு."

மலையில் மூடுபனி. கஞ்சி இளகியது. மூன்றாவது வளைவில் ஸ்வெட்டர் அவர் தோளில் சாய்ந்தது. ஐந்தாவதில் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சித்தேரியில் நிறுத்தியபோது அவருக்குப் பல் கிடுகிடுத்தது. சின்னராஜ் டீக்குப் போயிருந்தான். ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார். நீளக் கை விரலையும் மூடியது, கையுறை மிச்சம். அரூர் போவதற்குள் கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?

திரும்பி வந்த சின்னராஜ் ஒன்றும் பார்க்காதவன் போல விசிலடித்தான்.

அடிவாரத்தில் நல்ல வெயில். கஞ்சி மறுபடி காய்ந்தது. அரூரில் இறங்கப் பார்த்தால், வலது கை ஸ்டியரிங் பிடித்த வாக்கிலும் இடது கை கியர் போட்ட வாக்கிலும் நின்றுவிட்டன. சின்னராஜ்தான் கதவைத் திறந்து இறக்கி, வீடு வரை நடத்திக் கூட்டிப்போனான். தெருமுனையில் எதிரே வந்த ஆட்டோ அவர் கையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது.

கோகிலவாணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஷேவிங் செட்டோடு வந்தாள்.

"ஏய், மொதல்ல தண்ணி ஊத்தி இத எளக்கு!"

"ஊத்தறேங்க. மூஞ்சிக்கு மொதல்ல. அசையாதீங்க."

தடுக்க அவருக்குக் கை வரவில்லை. சின்னராஜ் கண்ணாடி பிடித்தான்.