வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் ஒரே வட்டம்

‘பாட்டருவி’ கம்பெனிக்காரர்கள் போன வருஷம் விளம்பரம் கொடுத்தார்கள். எங்களிடம் இருக்கும் பாட்டையெல்லாம் வெளியாட்களுக்கும் திறந்துவிடுகிறோம், நிரல் எழுதத் தெரிந்த யாரும் அதை வைத்து ஆப் செய்யலாம், வாருங்கள் வாருங்கள் என்று. நானும் நம்பிப் போனேன். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவனே பந்தியில் இலையைப் பிடுங்குவான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் மதிவதனி. திருவாரூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வலங்கைமான் பக்கம் எங்கள் ஊரில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். அண்ணன் பரிதி மைக்செட் வைத்திருக்கிறான். அவனுக்காகத்தான் அந்த ஆப்பைச் செய்தேன். கல்யாணமோ காதுகுத்தோ, முதலில் சாமி பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, பந்தி நேரத்தில் மெதுவான பாட்டு என்று ஆப்பே வரிசையாகப் போடும். கம்பெனி எனக்குக் கொடுத்த கீ, அதாவது அனுமதி எண், அதன் வழியாகப் பாட்டு அவர்களிடமிருந்து வரும். சுற்று வட்டார மைக்செட்காரர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதில் துக்கப் பொத்தான் ஒன்றும் வைத்தேன். எங்கள் பக்கம் ஊரில் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும்வரை விசேஷ வீட்டில் பாட்டு போடக் கூடாது. மைக்செட்காரர் யாராவது ஒருவர் பொத்தானை அழுத்தினால் போதும், அந்த ஊரில் ஓடும் எல்லா மைக்செட்டும் ஓய்ந்துவிடும்.

ஆனால் இந்த மரியாதை ஒருவழிப் பாதை. வாய்க்காலுக்கு மேற்கே மேலத்தெரு, நிலம் வைத்திருப்பவர்கள். கிழக்கே கீழத்தெரு, அந்த நிலத்தில் நடவும் அறுப்புமாகக் கிடந்தவர்கள், நாங்கள். அங்கே சாவென்றால் நாங்கள் நிறுத்தியாக வேண்டும். இங்கே சாவென்றால் அவர்கள் வீட்டில் குத்துப்பாட்டு ஓடும். பொத்தானை அழுத்தினால் எதுவரை பாட்டு நிற்க வேண்டும் என்று மேப்பில் வட்டம் போடும்போது இரண்டு தெருவையும் சேர்த்து ஒரே வட்டமாகப் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதம் எங்கள் அப்பா வீரையன் செத்துப்போனார். அண்ணன் அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினான். அன்றைக்கு மேலத்தெரு கோவிந்தராசு வீட்டில் புதுமனை புகுவிழா. வலங்கைமான் சித்தீக் பாயின் மைக்செட். பாட்டு பாதியில் நின்றது. பாய் என்னென்னவோ செய்து பார்த்தும் திரும்பி வரவில்லை. கோவிந்தராசுவின் வயலுக்கு வாழ்நாளெல்லாம் தண்ணீர் கட்டிய மனிதருக்காக, அவரை எடுக்கும்வரை அந்த வீட்டு வாசல் சத்தமில்லாமல் கிடந்தது. நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அந்த அமைதியைக் கேட்டேன். அழுகையோடு அழுகையாக எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கருமாதி முடிவதற்குள் கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. உங்கள் ஆப்பில் ஒரு பிழை இருக்கிறது, சம்பந்தமில்லாத இடத்தில் பாட்டு நின்றுபோகிறது என்று மேலத்தெருவிலிருந்து பல பேர் புகார் கொடுத்திருக்கிறார்களாம். பிழை! என் அப்பாவுக்குக் கிடைத்த மரியாதைக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

அடுத்த நாள் கம்பெனி மேலாளர் பரணிதரன் சென்னையிலிருந்து போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

“சின்ன விஷயம்தான் மேடம். தெருவுக்கு ஒண்ணா ரெண்டு வட்டம் போட்டுடுங்க. லோக்கல் சென்டிமென்ட், அதுல நாம ஏன் தலையிடணும்?”

“செத்துப்போனது எங்கப்பாங்க.”

“ரொம்ப சாரி மேடம். ஆனா கஸ்டமர் கேக்குறாங்களே. மாத்தலைன்னா உங்க கீயை நிறுத்த வேண்டி வரும்.”

“நிறுத்திக்குங்க. ரெண்டு வட்டம் நான் போட மாட்டேன்.”

நிறுத்தினார்கள். ஆப் படுத்துவிட்டது. அண்ணனே என்னிடம் சண்டைக்கு வந்தான். “ஒரு கோடு போட்டா என்ன கொறஞ்சிடும்? இத்தனை பேரு பொழப்பு இதுல ஓடுது” என்றான். பங்குனி பிறப்பதற்குள் என் ஆப்பை அச்சு அசலாகக் கம்பெனியே செய்து வெளியிட்டது. பாட்டு வரிசை என்னுடையது, துக்கப் பொத்தான் என்னுடையது. தெருவுக்கு ஒரு வட்டம் மட்டும் அவர்கள் சொந்தச் சரக்கு. வேறு வழியில்லாமல் அண்ணனும் சித்தீக் பாயும் அதற்கே மாறினார்கள்.

அப்பா இருக்கும்போதே பேசி வைத்தபடி வைகாசியில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தெருவே பந்தலில் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கோவிந்தராசுவின் மகன் சதீஷ் வாய்க்காலைத் தாண்டி வேகமாக வந்தான். அண்ணனைவிடப் பத்து வயது சின்னவன்.

“டேய் பரிதி, எங்க பெரியப்பா தவறிட்டாரு. சித்தீக் பாய் பொத்தானை அமுக்கி எவ்வளவு நேரமாச்சு! இங்க இன்னும் என்னடா பாட்டு?”

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். நான்தான் பதில் சொன்னேன்.

“அங்க அமுக்குனா அங்க மட்டும்தாங்க நிக்கும். நீங்க கேட்டு வாங்குனதுதானே.”

“அது உங்க தெரு சாவுக்குத்தானே கேட்டோம்!”

வாய் தவறிச் சொல்லவில்லை. அதில் தவறு இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. கோடு கிழித்தால் அது எங்களை மட்டும் தள்ளி நிறுத்தும் என்று நம்பித்தான் அத்தனை பேரும் கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவர்களுக்கு வந்தும் தெரியவில்லை.

“மொதல்ல நிறுத்துடா” என்று சதீஷ் கத்தினான்.

அண்ணனின் கை சுவிட்சுக்குப் போனது. காலகாலமாகப் பழகிய கை, வேறு எங்கே போகும்? நான் அதை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“நிறுத்துறோங்க. நாளைக்கு எங்க தெருவுல ஒரு சாவு விழுந்தா உங்க வீட்டுல நிறுத்துவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

சதீஷ் பந்தலைப் பார்த்தான். பந்தல் முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பித் தன் தெருவைப் பார்த்தான்.

“அதெல்லாம் பெரியவங்களக் கேட்டுத்தான் சொல்லணும்” என்றான்.

“கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் பாடட்டும்.”

அண்ணனின் கையை விட்டேன். அவன் சுவிட்சைத் தொடவில்லை.