வரைபடத்தில் இல்லாத புகைக்கொட்டகை

நான்காவது தடவையும் பார்த்தாகிவிட்டது. காணோம். பூதக்கண்ணாடியைத் துடைத்தேன், என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தின்மேல் மறுபடி குனிந்தேன். ஹுடாக் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூடு இருந்தது, கழிப்பறை இருந்தது, நிலக்கரி கொட்டிவைக்கும் சின்ன அறை இருந்தது. பன்றிக்கறிக்குப் புகை போடும் கொட்டகை மட்டும் இல்லை. தொண்ணூற்றிரண்டு வருஷமாக எங்கள் குடும்பம் சபித்துக்கொண்டிருக்கும் கொட்டகை அது. இல்லையென்றால் போகட்டும் என்று எழுந்து போக முடியுமா?

நான் நூலகத்துக்கு வந்ததே அந்தக் கொட்டகை இருக்கும் வரைபடத்தைப் படியெடுக்கத்தான். வருகிற ஆகஸ்டில் எங்கள் ப்ராபர்ட் குடும்பம் மொத்தமும் ஒன்றுகூடுகிறது. அதற்காக என் தம்பி டெல்வின் குடும்ப வரலாறு என்று ஒரு புத்தகம் போடுகிறான். அதில் மூன்றாவது அத்தியாயம் தீ. 1924இல் பக்கத்து வீட்டு ஸ்லோவாக்கியன் ஹுடாக், ஊருக்கு வந்த நாளிலிருந்து வைத்திருந்த புகைக்கொட்டகையில் நெருப்பை அணைக்காமல் தூங்கிப்போனான். அது பரவி எங்கள் தாத்தாவின் பேக்கரியையும் வீட்டையும் சாம்பலாக்கியது. வீட்டைத் தாத்தா தன் கையாலேயே திரும்பக் கட்டினார். பேக்கரியை எழுப்ப வழியில்லாமல் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். நாற்பத்தாறு வயதில் நுரையீரல் கறுத்துச் செத்தார். அப்பா இதை எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஹுடாக் என்ற பெயரைச் சாப்பாட்டு மேசையில் யாராவது எடுத்தால் இன்னொருவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அப்படி வளர்ந்தவள் நான்.

தீ காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகப் போட்ட அந்தக் காலத்து வரைபடங்கள் என்னைப்போல் வம்சம் தேடி அலைகிறவர்களுக்கு வரப்பிரசாதம். எது எரியும், எது எரியாது, அதுதான் அளக்க வந்தவனுடைய ஒரே கவலை. மரவீடு என்றால் மஞ்சள், செங்கல் என்றால் இளஞ்சிவப்பு. அடுப்பு எங்கே, குதிரைக் கொட்டில் எங்கே, அடுத்த வீட்டுச் சுவர் எத்தனை அடி தள்ளி, தண்ணீர்க் குழாய் எந்த முனையில் என்று வீடு வீடாக நடந்து அளந்து போட்டிருப்பான். பென்சில்வேனியாவில் எங்கள் ஊர் போன்ற சுரங்க ஊரைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. கோழிக்கூட்டை விடாதவன், நெருப்பு எரிகிற கொட்டகையை விடுவானா?

1921ஆம் வருஷத் தாளில் எங்கள் கொல்லையில் பேக்கரி இருந்தது. அதன் அடுப்பு ஹுடாக் வேலியை ஒட்டி. வேலிக்கு அந்தப் பக்கம் நாலே அடியில் அவர்கள் வீடு. 1927 தாளைப் புரட்டினேன். பேக்கரி இல்லை. எங்கள் வீடு அதே வராந்தா, அதே கோணல் சமையலறையோடு அப்படியே நின்றது. எரிந்துபோன வீட்டை ஒரு மனுஷன் கோணல்கூட மாறாமலா திரும்பக் கட்டுவான்? ஹுடாக் வீடு இருந்த இடம் ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. பிற்பாடு எப்படியோ அந்த இடம் எங்கள் கைக்கு வந்தது. இன்றைக்கு அங்கேதான் நான் கார் நிறுத்துகிறேன்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றபடியே டெல்வினைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, படம் கிடைச்சுதா?"

"படம் கிடைச்சுது. கொட்டகைதான் கிடைக்கலை."

"போட்டவன் தண்ணியடிச்சிட்டு வந்திருப்பான்."

"கோழிக்கூடு வரையும்போது மட்டும் தெளிஞ்சிடுச்சாக்கும்? நெருப்பு நம்ம அடுப்புலேர்ந்து போயிருக்குடா. அவங்க வீட்டை நாம எரிச்சிருக்கோம். எரிச்சிட்டு பழியையும் அவங்க தலையிலேயே கட்டியிருக்கோம்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நீ சும்மா கிட. அறுபது பேர் வர்றாங்க, புத்தகத்துல அந்தப் படம் ஒண்ணுதான் பாக்கி, மத்ததெல்லாம் அச்சுக்குப் போயாச்சு. நாளைக்கே அவங்க வக்கீலோட வந்து இடத்தைக் கேட்டா காரைத் தலைமேல தூக்கி வெச்சுக்குவியா?"

சும்மா கிடக்கத்தான் பார்த்தேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். டிவியைப் போட்டேன், நிறுத்தினேன். பால் வாங்கப் போய்விட்டுப் பாலை மறந்து வெறுங்கையோடு வந்தேன். காரை அந்த இடத்தில் நிறுத்தக் கூசித் தெருவிலேயே விட்டேன். மூன்று நாள் இப்படி. தாத்தா செய்தது தாத்தாவோடு போயிற்று என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன். தாத்தாவோடு போயிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காதா?

டெல்வினுக்குக்கூடத் தெரியாத ஒன்று உண்டு. நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். எண்பத்தெட்டாம் வருஷம் மேட்டுத்தெரு நிறுத்தத்தில் ஒரு புதுப் பிள்ளை ஏறியது. எட்டு வயது, சிவப்புக் குல்லா. பெயர்ப் பட்டியலில் ஆண்ட்ரியா ஹுடாக், அதே ஹுடாக் வம்சம். அந்தப் பெயரைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு நாற்பதுக்கு எடுக்க வேண்டிய பஸ்ஸை வாரத்தில் இரண்டு நாளாவது ஏழு முப்பத்தெட்டுக்கே எடுத்துவிடுவேன். பின்னால் அந்தக் குல்லா பனியில் சறுக்கிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரியும். நிறுத்தமாட்டேன். இரண்டு குளிர்காலம் அப்படிச் செய்தேன். சந்தோஷமாகத்தான் செய்தேன், மறைப்பானேன். தாத்தாவுக்காக ஏதோ செய்கிறோம் என்று நினைப்பு. குழந்தையிடம் காட்டினேன் என் வீரத்தை!

ஆண்ட்ரியா இப்போது எங்கள் ஊர் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். என் பிரஷர் மாத்திரையெல்லாம் அங்கேதான். அவள் கவுண்டர் காலியாகக் கிடந்தாலும் நான் பக்கத்து வரிசையில் போய் நிற்பேன். நான்காம் நாள் அவள் வரிசையில் நின்றேன்.

"மிஸ் க்ளெனிஸ்! என்ன, வழி தவறி வந்துட்டீங்களா?"

"மாத்திரை வாங்க வரலை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. "சின்னப் பிள்ளையில நீ பஸ்ஸை விட்டுட்டு பின்னாடி ஓடிவருவியே."

அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ, அதை இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கீங்க? எங்கம்மாகிட்ட வாங்கின அறை கொஞ்சமா? சோம்பேறி, சோம்பேறின்னே பேர் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் எங்க போனாலும் அரை மணி முன்னாடியே போய் நின்னுடுவேன். என் கல்யாணத்துக்கே பாதிரியாருக்கு முன்னாடி போய் கோயில் வாசல்ல நின்னவ நான்."

"நீ லேட்டா வரலைம்மா. நான்தான் ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டுப் போயிடுவேன். வேணும்னே."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. "எதுக்கு?" என்றாள்.

நான் பையிலிருந்து இரண்டு வரைபடப் படிகளையும் எடுத்துக் கவுண்டரில் விரித்தேன். வந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். தீ, கொட்டகை, பேக்கரி, தாத்தா, அப்பா சொன்ன கதை, டெல்வின் புத்தகம், கடைசியாக அந்த வெள்ளை இடத்தில் நிற்கும் என் கார். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அந்தச் சொல் அந்தக் கவுண்டர்மேல் ரொம்பச் சின்னதாக விழுந்தது.

"எங்க வீட்டுல தீயைப் பத்தி யாரும் பேசினதே இல்லை. நீங்க எங்களைத் திட்டறதே எங்களுக்குத் தெரியாது" என்றாள். பிறகு அவள் குரல் உடைந்து ஏறியது. "எட்டு வயசு எனக்கு. தினம் ராத்திரி ஷூவைப் போட்டுக்கிட்டே படுப்பேன், தெரியுமா உங்களுக்கு? காலையில கட்டற நேரம் மிச்சமாகும்னு."

என் பின்னால் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள்.

போய்விடு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "இதுல நாங்க எங்க இருக்கோம்?"

1921 தாளில் காட்டினேன். மஞ்சளாக ஒரு சின்னப் பெட்டி.

"வாடகை வீடா?"

"இல்லை. உங்களோடதுதான். முந்தாநாள் எங்க வீட்டுப் பழைய பத்திரங்களைப் பார்த்தேன். ஹுடாக் பேர்லதான் இருந்திருக்கு."

"எங்களுக்குச் சொந்த வீடு இருந்துச்சா?" யாரிடம் கேட்டாளோ தெரியாது. "எங்கப்பா சாகற வரைக்கும் வாடகை கொடுத்தாரே."

வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். பக்கத்துக் கவுண்டர் பையன் எட்டிப் பார்த்தான். ஆண்ட்ரியா தலையைத் தூக்கவில்லை.

"இது என்ன, வெளியில தள்ளிக்கிட்டு நிக்குது?"

"வராந்தா."

"சமையலறை எது? படுக்கிற ரூம் எது?"

"உள்ளே எதுவும் போடமாட்டான். வெளிச்சுவர் மட்டும்தான்."

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றார் கனைத்தவர்.

"நில்லுங்க" என்றாள் அவள். அவள் விரல் தெருவிலிருந்து வராந்தாவில் ஏறியது, வராந்தாவைத் தாண்டி உள்ளே போயிற்று. மஞ்சளுக்கு நடுவில் நின்றது. வரிசை பற்பசை அலமாரி வரை நீண்டுவிட்டது. விரலை அவள் எடுக்கவில்லை.