டிரா போதும்

1
இந்தக் கதை ஒரு தப்பித்தலில் பிறந்தது. ‘நீங்கள் போகாத ஊரைப் பற்றி எழுதுங்கள்’ என்றார் எங்கள் ஊர் சுங்கை பட்டாணியில் மாலை எழுத்து வகுப்பு எடுக்கும் குணசுந்தரி டீச்சர். உருகுவே என்று பெயர் கொடுத்தேன். அந்நாட்டின் இரண்டாம் பிரிவுக் காற்பந்து லீக் பற்றி இரண்டு வாரம் குறிப்பெடுத்தேன். குறிப்பெடுக்க எனக்கு வரும். கதைதான் வராது.

2
முதல் தொடக்கம்: ‘மொந்தேவிதேயோவின் குளிர்காற்றில் ரமிரோ தன் கையுறைகளை—’

(அடித்துவிட்டேன். அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்?)

இரண்டாவது: ‘பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் மேல் பிரிவு. கோல்கீப்பர் ரமிரோ, டிரா போதும் என்று நினைத்துக் கடைசிப் பத்து நிமிடமும் நேரம் கடத்தினான்.’

இது ஒரே மூச்சில் வந்தது. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.

3
என் அண்ணன் திவாகரன் சிடாம் கிரி காற்பந்துக் குழுவின் கோல்கீப்பர். வேலை முடிந்து வந்தவர் என் நோட்டைப் பிடுங்கிப் படித்தார்.

“பத்து நிமிசமா? ரெஃப்ரி என்னா தூங்குறானா?”

“கதைண்ணே.”

“கதைன்னா ரூல்ஸ் கெடையாதா லா?”

நான்கு பிழைகள் கண்டுபிடித்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஐந்தாவதாக ஒன்று கேட்டார்.

“டிரா போதும்னு அவனுக்கு யாரு சொன்னா?”

“அவனே நெனச்சிக்கிட்டான்.”

“கீப்பரு அவனா நெனைக்க மாட்டான். கோலுக்குப் பின்னால யாராச்சும் கத்தியிருப்பாங்க.”

நோட்டை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

4
[இந்தப் பகுதியை நீக்கலாம்.]

போன மாதம் எங்கள் குழுவின் கடைசி ஆட்டம். இதுவும் இரண்டாம் பிரிவுதான், மாவட்ட லீக்கில். புள்ளிப் பட்டியல் என் கையில் இருந்தது. கோலுக்குப் பின்னால் நின்று “டிரா போதும்ணே!” என்று கத்தியது நான். டிரா ஆனால் முதலிடத்தில் இருந்த குழுவோடு புள்ளிகள் சமமாகும்; அப்போது கோல் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள், அதில் நாங்கள்தான் முன்னே என்று நினைத்தேன். இந்த லீக்கில் அந்த இரு குழுக்களும் மோதிய ஆட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் நாங்கள் தோற்றிருந்தோம். மேல் பிரிவு கைநழுவிப் போனது.

மேனேஜர் இருளப்பன் திடலிலேயே கேட்டார்: “ஆட்டத்த வித்துட்டியாடா?”

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “நாந்தான் தப்பா நெனச்சிட்டேண்ணே” என்றார்.

அதை யாரும் நம்பவில்லை. அவரைக் குழுவை விட்டு நீக்குவதா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வார்கள்.

5
முடிவு அ: ரமிரோ மழையில் நனைந்தபடி ஊரை விட்டுப் போகிறான். (உருகுவேயில் எந்த மாதம் மழை? பார்க்க வேண்டும்.)

முடிவு ஆ: ரமிரோவின் தங்கை கூட்டத்தில் எழுந்து—

ரமிரோவுக்கு நான் தங்கையே வைக்கவில்லை. இப்போது சேர்த்தால் முதல் வரியிலிருந்து திருத்த வேண்டும். ஆனாலும் அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.

“தங்கச்சி எதுக்கு?” என்றார். “அந்தப் புள்ளைய ஏன் இழுக்குற? இப்படியே விடு.”

ரெஃப்ரிக்காக என்னிடம் அரை மணி நேரம் சண்டை போட்ட மனிதர் இவர்!

6
இன்று ஞாயிறு. வெளியே மோட்டார் சைக்கிளில் அண்ணன் ஹாரன் அடிக்கிறார்.

“காஞ்சனா, வரியா? இல்ல வீட்டுலயே ஒக்காந்து எழுதப் போறியா?”

வாசகரே, இப்படிப்பட்ட கதைகளில் முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். வசதிதான். நீங்களும் வாங்கிக்கொள்வீர்கள், நானும் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

தர மாட்டேன். இதன் முடிவை இருளப்பனிடம்தான் சொல்ல வேண்டும்.