சுத்தம்னு சொன்ன பை

ஆயிரம் கிலோ பிடிக்கிற ஜம்போ பைக்குள்ளே தலையை விட்டு மூச்சை இழுக்கிறதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டால், பிழைப்புதான், வேறென்ன செய்ய? அந்தக் கொட்டகையில் அவளுக்கு மூக்கு என்றே பேர். கண்ட கண்ட சரக்கையும் ஏற்றி இறக்கிய நெய்த பைகள் அங்கேதான் வந்து குவியும். உதறித் தட்டி அலசிக் காயப்போட்ட பிறகு, ஒவ்வொன்றின் வாயையும் விரித்துப் பாதி உடம்போடு உள்ளே போய் மோந்து பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் உள்ளே இருந்தபடியே "சுத்தம்" என்று குரல் கொடுப்பாள். இல்லாவிட்டால் "கழி". அடுக்குக்கு அந்தப் பக்கம் நாத்தனார், அதாவது புருஷனின் அக்கா, முத்திரையோடு உட்கார்ந்திருப்பாள். சுத்தத்துக்குப் பச்சை, கழிக்குச் சிவப்பு. பச்சை குத்தினது மாவு மில்லுக்கு. சிவப்பு குத்தினது மண்ணுக்கும் ஜல்லிக்கும்.

அன்றைக்கு வந்த பைகளின் நாற்றம் தூரத்திலேயே அடித்தது. எலும்புத்தூள் ஏற்றி வந்தவை. அலசினவன் பேருக்குத் தண்ணீரைக் காட்டிவிட்டுப் போயிருந்தான். பத்தாவதோ பதினோராவதோ பையில் அடித் தையலைத் தடவினாள். கொழகொழவென்று கை உள்ளே போனது. ஊறிப்போன தூளுக்கு நடுவே தோல் கழன்ற எலி ஒன்று, அதைச் சுற்றிப் புழு. இரண்டு மூன்று புழு அவள் மணிக்கட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"சுத்தம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனால் நாமெல்லாம் சொல்கிறோமே, அந்தச் சுத்தம். விளங்கினாப்போலதான், நாசமாப் போச்சு என்கிற சுத்தம். சொல்லிவிட்டுக் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். மூன்று தடவை சோப்பு போட்டும் கையை முகத்துப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை.

திரும்பி வந்தால் பையைக் காணோம்.

"அந்த எலிப் பை எங்கே அண்ணி?"

"கட்டு கட்டி லாரியில ஏத்தியாச்சு. நீதான் சுத்தம்னு சொன்னியே."

அவள் சூப்பர்வைசரிடம் ஓடினாள். அந்த மனுஷன் தீக்குச்சியால் காதைக் குடைந்துகொண்டே எலிக் கதையைக் கேட்டான்.

"சுத்தம்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன் சார். எரிச்சல்ல சொன்னேன்."

"எரிச்சல்ல சொன்னா வார்த்தை மாறிடுமா? லாரி கிளம்புற நேரத்துல வந்து கழுத்தறுக்காதே." குச்சியில் வந்ததைச் சட்டையில் துடைத்துவிட்டு மறு காதுக்குப் போனான். அந்த மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது.

வேறு வழி தெரியாமல் நாத்தனாரிடமே வந்தாள். "அண்ணி, உங்களுக்கு வெளங்காமப் போச்சுன்னு சார்கிட்டே ஒரு வார்த்தை சொல்லுங்க. பழி என் மேலயே இருக்கட்டும். அந்தப் பை மட்டும் போகக் கூடாது."

நாத்தனார் நிமிரவில்லை. "வெளங்காம என்ன? பத்து வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். நீ எந்தச் சுத்தம் சொல்றேன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா குத்தினீங்க?"

"கழி கூடிப்போச்சாம். அவ வாயிலேர்ந்து சுத்தம்னு எப்படி வந்தாலும் பச்சை குத்து, முடியலேன்னா எழுந்து போன்னு போன வருஷமே சூப்பர்வைசர் சொல்லிட்டான். இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்கே போக?" பைக்கட்டு சரிந்து நசுங்கிய கால் பலகை மேல் நீட்டிக் கிடந்தது.

"அந்த மில்லு மாவுலதானே தெருமுக்குக் கடையில ரொட்டி போடறான். நாமதானே திங்கிறோம்?"

"நான் திங்கிறதில்லை. ரொட்டியைத் தொட்டு ஒரு வருஷம் ஆகுது. வயித்துக்கு ஆகாது, பிள்ளைங்களுக்கு வாங்கித் தராதேன்னு உன்கிட்டே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நீ எங்கே கேட்டே?"

மூக்கு கணக்குப் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் வாடை என்றால் அவள் ஒழுங்காகக் கழி என்றுதான் சொல்வாள். தாங்க முடியாமல் நாறினால்தான் வாய் தன்னால் அந்தச் சுத்தத்தைச் சொல்லும். ஒரு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? இருக்கிறதிலேயே கேடுகெட்ட பைகளாகப் பார்த்துப் பொறுக்கித் தானே மில்லுக்கு அனுப்பியிருக்கிறாள். சின்னவன் தினமும் காலையில் அந்த ரொட்டியைத்தான் டீயில் முக்கித் தின்கிறான். எலியைத் தொட்ட கையைவிட இப்போது அவளுக்குத் தன் வாய்தான் அருவருப்பாக இருந்தது.

தையல் மேஜையிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு போய் லாரியில் ஏறினாள். டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். சூப்பர்வைசர் செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தான்.

"சரி, அந்த ஒரு பையை எடுத்துத் தொலை. எடுத்துட்டு இறங்கு."

"ஒரு பை இல்லை. எல்லாத்தையும் இறக்கணும். இதுவரைக்கும் போனதைப் பத்தி மில்லுலயும் நானே போய்ச் சொல்றேன்."

"இறக்கினா நாளையிலேர்ந்து உனக்கு இங்கே வேலை கிடையாது. உன் நாத்தனாருக்கும் கிடையாது. அந்தக் காலோட அவளை யாரு வேலைக்கு வெச்சுக்குவான்னு பாரு."

கொட்டகை வாசலில் நாத்தனார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவ்வளவு தூரம் யார் உதவியும் இல்லாமல் நடந்து வந்திருக்கிறாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கையெடுத்தும் கும்பிட்டாள்.

மூக்கு அதைப் பார்த்துக்கொண்டேதான் முதல் கட்டின் நாடாவை அறுத்தாள்.