விழவில்லை, இறங்கியது

எங்கள் வீட்டில் எதுவும் கீழே விழாது, இறங்கும். தட்டு இறங்கும், கண்ணாடி டம்ளர் இறங்கும், ஒருமுறை சுவர்க் கடிகாரம்கூட இறங்கியது. எல்லாம் என் அக்காவின் கைங்கரியம். சின்ன வயதில் எதையாவது போட்டு உடைத்துவிட்டுப் பேந்தப் பேந்த விழிப்பாள். அவளுக்கு அழுகை வருவதற்குள் அப்பா எழுந்து ஓடிவந்து, "விழலடா கண்ணு, இறங்கிடுச்சு" என்பார். அன்றிலிருந்து 'விழுந்தது' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அக்காவுக்குக் காதோரம் நரை எட்டிப் பார்க்கிற இந்த வயதிலும் அதே கதைதான்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் தொழில். காகிதம் போதும், டேப்லெட்டுக்கு மாறுங்கள் என்று பதிப்பகத்தில் நச்சரித்ததால், நல்லதாகப் பார்த்து ஒன்று வாங்கினாள். கடையில், "உடைஞ்சா சரிபண்ணித் தர்ற பிளான் இருக்கு, சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். நான் தலையாட்டுவதற்குள் அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? வேண்டாம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதுதான் வினையாகப் போயிற்று. மேசையைச் சுற்றித் தலையணைகள், தரையில் மெத்தை, நடுவில் அக்கா. இடது கையால் டேப்லெட்டை இறுக்கிப் பிடித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு வரைந்தாள். கை இறுகினால் கோடும் இறுகத்தானே செய்யும்? சறுக்குமரத்தில் சறுக்கி விளையாட வேண்டிய யானைக்குட்டியை வரைந்து அனுப்பினால், "யானை இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கு" என்று திருப்பி அனுப்பினார் பதிப்பாசிரியர் அம்மா. மறுபடி வரைந்ததும் திரும்பி வந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் புத்தகத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று ஒரு வரியும் கூடவே வந்தது.

"அந்தப் பிளான்ல இப்ப சேர முடியுமாடி?" என்று கேட்டாள். ரோஷம் போன இடம் தெரியவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

சேவை எண்ணுக்கு நான்தான் பேசினேன். "வாங்கி ரெண்டு மாசத்துக்குள்ள சேர்ந்திருக்கணும் மேடம். அது தாண்டிடுச்சு" என்றது ஒரு குரல். நானும் இதே மாதிரி ஓர் இடத்தில் போனில் பேசிப் பிழைக்கிறவள். 'முடியாது' என்று சொன்னதும் வைத்துவிடுகிறவர்களுக்கு அதோடு சரி. வைக்காதவர்களுக்குத்தான் 'ஆனா' வரும். நான் வைக்கவில்லை.

"ஆனா, கடைக்கு நேர்ல கொண்டு வந்தீங்கன்னா பரிசோதிச்சுப் பார்ப்பாங்க. சேதம் எதுவும் இல்லைன்னா சேர்த்துக்குவாங்க."

கடையில் பரிசோதிக்கிற பெண் டேப்லெட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரங்களில் நகத்தை ஓட்டினாள். கீறல் இல்லை, நெளிவு இல்லை. எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

"கீழ எங்கயாவது விழுந்திருக்கா?"

"ஒரு தடவைகூட விழல" என்றாள் அக்கா. பிறகு மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். "இறங்கியிருக்கு."

நான் அவள் காலை மிதித்தேன்.

"எதுக்குடி மிதிக்கிற?" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

"இறங்கியிருக்குன்னா?" என்றாள் அந்தப் பெண்.

அக்கா ஆதியோடந்தமாகச் சொன்னாள். அப்பா, கடிகாரம், தலையணை, யானை, ஒன்றையும் விடவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூடக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"மெத்தையிலயா இறங்குச்சு?"

"மெத்தையிலதான்."

அந்தப் பெண் ஓரங்களை மறுபடி பார்த்தாள், முன்னைவிடப் பொறுமையாக. "நான் பார்க்க வேண்டியது சேதத்தை. அது இல்ல. சேர்த்துடறேன்" என்றாள். ரசீதை நீட்டும்போது மட்டும் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இனிமே இறங்கினாலும் கொண்டு வாங்க, விழுந்தாலும் கொண்டு வாங்க."

அன்று சாயங்காலமே தலையணைகள் கட்டிலுக்குத் திரும்பின. அக்கா காலை ஆட்டிக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வரைந்தாள். யானைக்குட்டி காது இரண்டும் பறக்க, நாலு காலையும் விரித்துக்கொண்டு சறுக்கி வந்தது. பதிப்பாசிரியர் அம்மாவிடமிருந்து "இதுதான் யானை" என்று பதில் வந்தது. புத்தகம் அக்காவிடமே தங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு நாள் நானும் அப்பாவும் கூடத்தில் இருந்தோம். அக்காவின் அறையிலிருந்து மடார் என்று ஒரு சத்தம். மெத்தையில் கேட்கிற சத்தமில்லை அது.

அப்பா பேப்பரைப் போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இறங்கிடுச்சாம்மா?"

"இல்லப்பா" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "விழுந்துடுச்சு."

குரலில் அழுகையின் சாயலே இல்லை. அப்பா மறுபடி உட்கார்ந்து பேப்பரை எடுத்துக்கொண்டார்.